எண் வராத காலையில் எரிந்த பச்சை

சென்ற மாதம் சென்னையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற காற்றாலைக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பொறியாளராம். கயத்தாறு பக்கம் இருந்த கட்டுப்பாட்டு அறையையே மூடிவிட்டு எல்லாவற்றையும் சென்னைக்குக் கொண்டுபோகிறார்கள். போகிற போக்கில் பழைய புரோகிராம்களைச் சுத்தம் செய்கிறார்கள்.

"சார், உங்க புரோகிராம்ல ஒரு வரி இருக்கு. வந்த எண் அதே எண்ணுக்குச் சமமா இருக்கான்னு கேக்குது. எந்த எண்ணும் அதுக்கு அதுவே சமமாத்தானே சார் இருக்கும்? யாரோ தெரியாம எழுதிட்டாங்கன்னு நினைக்கிறோம். எடுத்துடலாமா?"

"தெரியாம எழுதின ஆளு நான்தாம்மா. அதை மட்டும் எடுத்துராதீங்க."

"ஏன் சார்?"

காரணம் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் சுப்புராஜைச் சொல்ல வேண்டும், பேச்சியம்மாளைச் சொல்ல வேண்டும், சிதம்பரநாதன் சாரைச் சொல்ல வேண்டும். எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் அது ஒரு பொறியாளருக்கு அனுப்புகிற பதிலாக இல்லை. வேறு என்னவோவாக வந்து நிற்கிறது. வந்தபடியே இருக்கட்டும்.

நான் படித்தது கருவியியல் டிப்ளமோ. முதலில் கோவில்பட்டியில் ஒரு நூற்பு மில்லில் ஈரப்பதக் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கயத்தாறு பக்கம் காற்றாலைகள் முளைக்கத் தொடங்கியபோது, வயரும் தெரிய வேண்டும், கம்ப்யூட்டரும் தெரிய வேண்டும் என்று ஆள் தேடினார்கள். இரண்டும் அரைகுறையாகத் தெரிந்த நான் அகப்பட்டேன். சென்னையில் கொஞ்ச நாள் வகுப்பு நடந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் பேசினார், எல்லாரும் தலையாட்டினோம். மிச்சத்தை இங்கே வந்து திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

என் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஒவ்வொரு காற்றாலையின் அடியிலும் ஒரு சின்னக் கணினி உண்டு. காற்றின் வேகம், மின்சாரம், எண்ணெயின் சூடு என்று அது அளக்கிற புள்ளி வைத்த எண்களைக் கட்டுப்பாட்டு அறைக் கணினிக்குப் பத்திரமாக அனுப்பிவைக்க வேண்டும். அவ்வளவுதான். "நம்பரை அனுப்பதுக்கு ஒரு ஆளா? ஃபோன்ல சொல்ல மாட்டாவளா?" என்று என் மைத்துனர் இன்றைக்கும் கேட்கிறார். அவருக்குப் பதில் சொல்லி மாளாது.

முழு எண்ணில் வம்பு குறைவு. புள்ளி வைத்த எண்தான் தொல்லை. எட்டு புள்ளி நான்கு என்பதைக் கணினி அப்படியே வைத்துக்கொள்வதில்லை. நாலு துண்டாக வைத்துக்கொள்ளும். புள்ளி எங்கே விழும் என்பது கொஞ்ச இடத்தில் இருக்கும், இலக்கங்கள் மிச்ச இடத்தில் இருக்கும். அனுப்பும்போது சில கணினிகள் முதல் துண்டை முதலில் அனுப்பும், சில கடைசித் துண்டை முதலில் அனுப்பும். முகவரி எழுதும்போது ஒருவர் கதவு எண்ணில் தொடங்குவார், இன்னொருவர் மாவட்டத்தில் தொடங்குவார். இரண்டும் சரிதான். வாங்குகிறவருக்கு எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டாவதாக நட்ட வரிசை வேறு நாட்டுத் தயாரிப்பு. அதை இணைத்த அன்று இறக்கைகள் சுற்று சுற்றென்று சுற்றுகின்றன, திரையில் காற்று பூஜ்யம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பூமியையே பெயர்த்துக்கொண்டு போகிற வேகம் காட்டுகிறது. நான் கேபிள் கேபிளாகப் பிரித்து மேய்ந்தேன். மேலாளர் சிதம்பரநாதன் வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"முத்தையா, இந்த எண்ணை அவங்க எந்தப் பக்கத்துலேருந்து உடைக்கிறாங்க?"

அந்த ஒரு கேள்வியில் வேலை முடிந்தது. துண்டுகளைத் திருப்பி அடுக்கினேன், எண் நேராக வந்தது. அவர் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. போய்விட்டார்.

அவரை நான் மிகவும் மதித்தேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர்க்காரர். மழை பெய்த கரிசலில் நாங்கள் எல்லாரும் ஆளுக்கு இரண்டு கிலோ மண்ணைக் காலில் சுமந்துகொண்டு நடப்போம். அவருடைய பூட்ஸ் மட்டும் எப்படியோ பூட்ஸாகவே இருக்கும். நாங்கள் எழுதுகிற அறிக்கையில் 'பலத்த காற்று' என்று இருந்தால் 'பலத்த' என்பதை அடித்துவிட்டு ஓரத்தில் 'எவ்வளவு?' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். 'திடீரென' என்று எழுதினால் தொலைந்தோம். அவருடைய அறிக்கையில் தேவையில்லாத வார்த்தை ஒன்றுகூட இருக்காது. அப்படி எழுத நானும் ஆசைப்பட்டேன்.

கோபுரம் ஏறுவதற்கு ஒரு முறையை வைத்தவரும் அவர்தான். எங்கள் பழைய கோபுரங்கள் இரும்புச் சட்டங்களால் ஆனவை. ஏணி வெளியே திறந்தே கிடக்கும். மேலே காற்று நொடிக்குப் பன்னிரண்டு மீட்டரைத் தாண்டினால் யாரும் ஏறக்கூடாது. ஏறப் போகிறவன் கீழே நின்று வாக்கி டாக்கியில் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட வேண்டும். அறையில் இருப்பவர் திரையைப் பார்த்துக் காற்றின் வேகத்தைச் சொல்ல வேண்டும், இவன் திருப்பிச் சொல்ல வேண்டும். சற்று இடைவெளி விட்டு மறுபடி, பிறகு மறுபடி. மூன்றில் ஒன்றைத் திருப்பிச் சொல்லாவிட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கட்டுப்பாட்டு அறையில் பகல் வேலைக்குப் பேச்சியம்மாள் இருந்தாள். டிப்ளமோ படித்த பெண். கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். ஏறுகிறவர்களில் கெட்டிக்காரன் சுப்புராஜ். நாகலாபுரத்தில் வீடு. வீட்டில் தெலுங்கு, வெளியே எங்களைவிட நல்ல கரிசல் தமிழ். இவர்கள் இரண்டு பேரும் வாக்கி டாக்கியில் பேசுவதைக் கேட்க அறையில் ஆள் கூடும்.

"எட்டு புள்ளி நாலு."

"எட்டு புள்ளி நாலு. தங்கச்சி, அடுத்ததைச் சட்டுன்னு சொல்லு. கால்ல எறும்பு ஏறுது."

"எறும்பு ஏறட்டும், நீங்க ஏறாதீங்க. இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு."

இந்த முறை இருந்தவரை ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அதற்குக் காசா செலவானது? வாயைத் திறந்து எண்ணைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் பார்வையிட வரப்போகிறார்கள் என்றார்கள். பட்டணத்து மென்பொருள் கம்பெனி ஒன்று புதிய திரை செய்து கொண்டுவந்தது. பெரிய வரைபடம், கோபுரத்துக்கு ஒரு புள்ளி. காற்று குறைவென்றால் பச்சை, கொஞ்சம் கூடினால் மஞ்சள், ஏறக்கூடாதென்றால் சிவப்பு. பார்ப்பதற்குத் தேர்த் திருவிழா மாதிரிதான் இருந்தது. எண்களைக் காணோம்.

"சார், ஒரு மூலையிலாவது எண் இருக்கட்டும் சார்" என்றேன்.

"எண் இருந்தா ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொல்வாங்க முத்தையா. நிறத்துக்கு ஒரே அர்த்தம்தான்."

'பலத்த' என்ற வார்த்தையை அடித்தவர் சொல்கிறார் இதை. பேச்சிதான் விடாமல் கேட்டாள்.

"சார், காத்து எவ்வளவுன்னு கீழ நிக்கவிய கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"பச்சைன்னு சொல்லும்மா."

மூன்று தடவை சொல்லித் திருப்பிச் சொல்வதும் அத்தோடு போயிற்று. பச்சையை மூன்று தடவை யார் சொல்வார்கள்? சொன்னால் கிளி ஜோசியம் மாதிரி இருக்கும் என்று அவர்களே சிரித்துக்கொண்டார்கள்.

அது ஆனி மாதம். கீழே கம்பந்தட்டை அசையவில்லை. மேலே காற்று ஓடிக்கொண்டிருந்தது. இங்கே காலை வேளையில் அப்படித்தான் இருக்கும். தரையில் நிற்கிறவனுக்கு மேலே நடப்பது தெரியாது, அதனால்தான் மேலே அளக்கிறோம். மேட்டோரத்து வரிசையில் ஒரு கோபுரத்தை நிறுத்திவைத்திருந்தார்கள். சுப்புராஜ் ஏற வேண்டும். மற்ற வரிசைகள் மஞ்சளில் இருந்தன. மேட்டின் மறைவில் இருக்கிற அந்த வரிசை எப்போதுமே மற்றதைவிடக் காற்று குறைந்த இடம் என்பதால் அது பச்சையாக இருந்ததில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"தங்கச்சி, எப்படி இருக்கு?"

"பச்சையா இருக்குண்ணே."

"பச்சை. ஏறுதேன்."

பெல்ட்டின் கொக்கியை ஒரு படியிலிருந்து கழற்றி அடுத்த படியில் மாட்டுகிற இடைவெளியில் காற்று அவனைத் தள்ளிவிட்டது. கோபுரத்தின் நடுவில் இருந்த இரும்புத் தட்டில் வந்து விழுந்தான். நாங்கள் ஜீப்பில் போய்ச் சேர்ந்து கயிறு கட்டி இறக்கியபோது நினைவு இருந்தது. வலியில் தெலுங்கில் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். என் முகம் தெரிந்ததும் தமிழுக்கு வந்தான்.

"அண்ணாச்சி, பச்சைன்னுதான சொன்னா?"

முதுகுத்தண்டு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே இன்றுவரை உணர்ச்சி இல்லை. நாகலாபுரத்தில் கட்டிலில் கிடக்கிறான்.

அன்று சாயங்காலமே அந்த வரிசையின் கேபிளைத் தோண்டிப் பார்த்தேன். கோடையில் கரிசல் வெடிக்கும்போது புதைத்த கேபிளைச் சேர்த்து இழுக்கும். வெடிப்பு பெரிதாக ஆக இழுப்பும் கூடும். அந்த வரிசைக்குப் பொதுவாகக் காற்றை அளக்கிற கம்பத்திலிருந்து வந்த கேபிளின் இணைப்பை மண் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. அளவு வரவில்லை. அளவு வராதபோது அனுப்புவதற்கென்றே கணினியில் ஒரு குறி உண்டு. எண் இருக்க வேண்டிய அந்த நாலு துண்டு இடத்தில், 'இது எண் அல்ல' என்று அர்த்தம் தருகிற ஒன்றை வைத்து அனுப்பும். அந்தச் சின்னக் கணினி ஒழுங்காக அதைத்தான் அனுப்பியது. என் வலைப்பின்னல் ஒழுங்காக அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. துண்டு மாறவில்லை, வரிசை மாறவில்லை. 'எனக்குக் காற்று தெரியவில்லை' என்று கோபுரம் சொன்னது கட்டுப்பாட்டு அறை வரைக்கும் அட்சரம் பிசகாமல் போயிருந்தது.

திரைதான் கெடுத்தது. எண் அல்லாத அந்த ஒன்றுக்கு ஒரு குணம் உண்டு. எதோடு ஒப்பிட்டாலும் 'இல்லை' என்றுதான் பதில் வரும். புதிய திரை கேட்டது: நீ பன்னிரண்டைவிடப் பெரியதா? இல்லை. அப்படியானால் சிவப்பு இல்லை. ஒன்பதைவிடப் பெரியதா? இல்லை. அப்படியானால் மஞ்சளும் இல்லை. மிச்சம் இருப்பது பச்சை, ஏற்றிவிடு. பழைய திரையாக இருந்தால் எண் இருக்கிற இடத்தில் எண் அல்லாத எழுத்துகள் வந்து நின்றிருக்கும். பேச்சிக்கு வாயில் சொல்வதற்கு எண் இருந்திருக்காது. சுப்புராஜுக்குத் திருப்பிச் சொல்வதற்கும் இருந்திருக்காது. ஒரு கடலை மிட்டாயைத் தின்றுவிட்டு என்னைக் கூப்பிட்டிருப்பார்கள்.

விசாரணை வைத்தார்கள். பேச்சி பச்சையைப் பார்க்காமலே பச்சை என்று சொல்லிவிட்டாள் என்று மென்பொருள் கம்பெனி ஆள் பேச்சை ஆரம்பித்திருந்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. அந்தப் பெண்ணுக்காகப் பேச வேறு ஆளும் இல்லை. மேஜை மேல் இரண்டு கணினிகளை வைத்தேன். ஒன்று கோபுரம், ஒன்று திரை. சிதம்பரநாதன் சார், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர், மென்பொருள் கம்பெனி ஆள் ஆகிய மூன்று பேரும் பார்த்தார்கள். எட்டு அனுப்பினேன், பச்சை. பத்து அனுப்பினேன், மஞ்சள். பதினைந்து அனுப்பினேன், சிவப்பு. பிறகு அளவுக் கருவியின் வயரை அவர்கள் கண்ணெதிரே பிடுங்கினேன். சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

சார் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டார்.

"இன்னொரு தடவை" என்றார் சார்.

மாட்டினேன், பிடுங்கினேன். பச்சை. நான் விளக்கத் தொடங்கியதுமே அவர் கையை உயர்த்திவிட்டு, எண் அல்லாத அந்தக் குறி எதையும்விடப் பெரிதாக இருக்காது, அதனால் பச்சைக்கு விழுகிறது என்று என் வாக்கியத்தை அவரே முடித்தார். அந்த அறையில் முழுதாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. வெளியே பெஞ்சில் பேச்சி உட்கார்ந்திருந்தாள்.

"கவலைப்படாத தாயி. சார் கண்ணால பாத்துட்டாவ" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பயத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அறிக்கை வந்தது. சாருடைய அறிக்கைதான், பார்த்ததும் தெரியும். மென்பொருள் சோதிக்கப்பட்டது. அது வடிவமைத்தபடியே வேலை செய்தது. மற்ற வரிசைகள் மஞ்சளாக இருந்தும், காற்றின் அளவை உறுதி செய்யாமல் கட்டுப்பாட்டு அறைப் பணியாளர் ஏற அனுமதி அளித்தார். இவ்வளவுதான் விஷயம். 'பலத்த' இல்லை, 'திடீரென' இல்லை. பேச்சியை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

நான் அவருடைய அறைக்குப் போனேன்.

"சார், அளவை உறுதி செய்யணும்னா ஸ்கிரீன்ல அளவு இருக்கணும்லா? நாமதான அதை எடுத்தோம்?"

அவர் அறிக்கையை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதுல எந்த வார்த்தை தப்பு முத்தையா?"

தேடினேன். அத்தனையும் உண்மை. மென்பொருளைச் சோதித்தது நான். வடிவமைத்தபடிதான் அது வேலை செய்தது. அவள் அளவைப் பார்க்கவில்லைதான். எனக்கு அறிக்கை எழுதக் கற்றுக்கொடுத்தவர் எழுதியது, எப்படித் தப்பு இருக்கும்? நான் எழுந்தபோது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார்.

"அப்புறம், அனுப்புற பக்கத்துல நீங்களே ஒரு வரி சேர்த்திருங்க. எண் இல்லேன்னா சிவப்பு வர்ற மாதிரி. சின்னத் திருத்தம்னு போட்டுக்கலாம்."

ஒரு குறையும் இல்லை என்று எழுதிய கை. மை காயுமுன் திருத்தம் கேட்கிறது. அந்த இடத்தில் அவரை என்ன சொல்லித் திட்டியிருக்கலாம் என்று வருஷக்கணக்காக யோசித்து நல்ல நல்ல வசவுகளாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். அன்று ஒன்றும் வரவில்லை.

அந்த வரியை எழுதினேன். இன்னொருவன் விழக்கூடாது என்பதற்காக எழுதினேன். எண் அல்லாத அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எதோடு ஒப்பிட்டாலும் 'இல்லை' என்கிற அது, தன்னோடு ஒப்பிட்டாலும் 'இல்லை' என்றுதான் சொல்லும். ஆகவே, வந்த எண் அதற்கு அதுவே சமமா என்று கேட்க வேண்டும். சமம் இல்லையென்றால் எண் வரவில்லை, சிவப்பைப் போடு. அம்மா, சென்னைப் பொறியாளரே, நீங்கள் அர்த்தமில்லாதது என்று நினைத்த வரி இதுதான்.

சார் பதவி உயர்வில் போனார். நான் ஓய்வு பெற்ற அன்று வந்து சால்வை போர்த்தினார். 'துல்லியமான மனிதர்' என்று மைக்கில் சொன்னார். அந்தச் சால்வையை வீட்டில் யாரும் போர்த்திக்கொள்ள நான் விடுவதில்லை.

இந்த இடத்தோடு முடித்திருப்பேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஓய்வூதியத்துக்கு உயிர்ச் சான்று கொடுக்கிற வேலை வந்தது. உயிரோடுதான் இருக்கிறோம் என்று வருஷத்துக்கு ஒருமுறை கைரேகை வைத்துக் காட்ட வேண்டும். வழக்கமாகப் போகிற இடத்தில் இயந்திரம் பழுது என்றார்கள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போகச் சொன்னார்கள். போனால் மேஜைக்குப் பின்னால் பேச்சியம்மாள். தலை நரைத்திருந்தது. இந்த ஊரில் எத்தனையோ தடவை எதிரே வந்திருக்கிறாள். சிரிப்பாள், நிற்க மாட்டாள்.

"வாங்க அண்ணாச்சி. கட்டை விரலை வைங்க."

வைத்தேன். வயதான ரேகை, சட்டென்று பதியாது. அவள் என் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தொலைபேசி வந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருப்பதையும் சொன்னேன்.

"அன்னிக்கு டெஸ்ட் போட்டுக் காட்டுனதையும் எழுதிட்டேன் பேச்சி. ஓம் மேல தப்பு இல்லைன்னு இனிமேலாவது நாலு பேருக்குத் தெரியட்டும்."

"எழுதுங்க அண்ணாச்சி." விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். "விசாரணைக்கு முந்துன நாளு சார் என்னையக் கூப்பிட்டு விட்டாவ. மிஷின் கோளாறுன்னு எழுதி முடிச்சிருதேன், ஒனக்கு ஒரு வார்னிங்கு, வேற செக்ஷனுக்கு மாத்திருதேன், நீ வாயத் தொறக்காம இருன்னு சொன்னாவ. நானும் சரின்னுட்டேன்."

எனக்கு உடனே பிடிபடவில்லை. அவளே சொன்னாள்.

"மறுநாள் நீங்க மிஷின்ல கோளாறே இல்லை, அவிய செய்யச் சொன்னபடிதான் பச்சை எரியுதுன்னு காட்டிட்டிய. தப்பு ஒண்ணு சார் மேல வரணும், இல்லைன்னா எம் மேல வரணும். அதுக்கு மேல அவியளுக்கு எழுததுக்கு என்னையத் தவிர ஆளு யாரு இருக்கா?"

"நான் ஒனக்காகத்தான பேச்சி..."

"தெரியும் அண்ணாச்சி. அதனாலதான் இத்தனை வருசமா ஒங்ககிட்ட சொல்லல."

ரேகை பதிந்துவிட்டது. நான் உயிரோடு இருப்பதாகத் தாள் வெளியே வந்தது. அவள் அதை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டாள்.